பொட்டி நம்ம வீட்ல, சாவி அவங்க கையில

கேள்வி: ஃபைபர் நெட் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார். பையன் நடுராத்திரி வரைக்கும் கேம் ஆடுறான், பத்து மணிக்கு மேல அவன் ஃபோனுக்கு மட்டும் நெட்ட கட் பண்ணலாம்னு 192.168.1.1 போட்டு ரவுட்டருக்குள்ள போனேன். அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டு போட்டா தொறக்குது, ஆனா வைஃபை பேரும் பாஸ்வேர்டும் மட்டும்தான் மாத்த முடியுது, மத்த மெனு எதுவுமே இல்ல. முழு மெனுவும் தொறக்கிற லாகின் வேணும்னு கஸ்டமர் கேர்ல கேட்டா "அந்த லாகின் கஸ்டமருக்கு தர்றதில்ல மேடம்"ங்கிறாங்க. டெபாசிட் கட்டினது நான், கரண்ட் பில் கட்டுறது நான், இது நியாயமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பாதி நியாயம், பாதி அநியாயம்மா. உங்க வீட்டு பொட்டியில ரெண்டு மெஷின் ஒண்ணா இருக்கு. ஒண்ணு ஓஎன்டி, ஃபைபர்ல வர்ற வெளிச்சத்த சிக்னலா மாத்துறது. தெருவுல ஒரே ஃபைபர ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிச்சிருப்பாங்க, அதுல ஒரு வீட்டு ஓஎன்டி தன் முறை வராதப்பவும் லைட் அடிச்சுக்கிட்டே இருந்தா மொத்த தெருவுக்கும் நெட் படுத்துரும். அதனால அந்த பாதிய அவங்க பூட்டி வச்சிக்கிறதுல தப்பே இல்ல. இன்னொரு பாதி ரவுட்டர். யாருக்கு எத்தன மணி வரைக்கும் வைஃபை, எந்த டிஎன்எஸ் (வெப்சைட் பேர ஐபி நம்பரா மாத்தி குடுக்கிற சர்வர்) இதெல்லாம் வீட்டு விஷயம், அதையும் சேத்து ஒரே பூட்டா போட்டு வச்சிருக்காங்க பாருங்க, என் கோவம் அங்கதான்.

யூட்யூப்ல சூப்பர் அட்மின், அதாவது எல்லா மெனுவையும் தொறக்கிற கம்பெனி லாகின், அதோட பாஸ்வேர்டு சொல்றேன்னு வீடியோ நெறைய இருக்கும், அத நம்பி இறங்காதீங்க. டிஆர்-069னு ஒரு முறை இருக்கு, பொட்டி அப்பப்ப கம்பெனி சர்வர கூப்பிட்டு "எனக்கு என்ன செட்டிங்"னு கேக்கும், அங்கேருந்தே எல்லாத்தையும் மாத்தலாம், ரீஸ்டார்ட்டும் பண்ணலாம். நீங்க இன்னிக்கு மாத்தினது நாளைக்கு பழையபடி ஆகிடலாம். இந்த ரிமோட் வசதி அவங்களுக்கே ஆப்பு வச்ச கதையும் உண்டு: 2016 நவம்பர்ல ஜெர்மனியில இந்த முறைக்கான 7547-ம் நம்பர் போர்ட்ட (நெட் வழியா பொட்டிக்குள்ள நுழையுற கதவு மாதிரி) குறிவச்சு ஒரு தாக்குதல், டாய்ச்ச டெலிகாம் கஸ்டமர் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட் போச்சு. அதே ஜெர்மனியில அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் கஸ்டமர் தன் சொந்த ரவுட்டர போட்டுக்கலாம், லாகின் விவரத்த கம்பெனி குடுத்தே ஆகணும்னு சட்டம் வந்துருச்சு.

உங்களுக்கு சுலபமான வழி, பேரன்டல் கன்ட்ரோல் இருக்கிற ஒரு ரவுட்டர் வாங்கி அவங்க பொட்டியோட லேன் போர்ட்ல சொருகிடுங்க. பழைய வைஃபைய நிறுத்த முடியலன்னா அதோட பாஸ்வேர்ட மாத்தி உங்க மனசுலயே வச்சுக்கோங்க, இல்லன்னா பையன் அதுல போய் ஒக்காந்துக்குவான். பிரிட்ஜ் மோட்ல, அதாவது அவங்க பொட்டி சிக்னல மட்டும் மாத்தி குடுத்துட்டு ரவுட்டர் வேலைய உங்க ரவுட்டர்கிட்ட விட்டுர்ற மாதிரி, போட்டு குடுங்கன்னும் கேக்கலாம், ஆனா அந்த பொட்டியிலயே லேண்ட்லைன் ஃபோனும் ஓடுதுன்னா அது வேலை செய்யுமான்னு முதல்ல கேட்டுக்கோங்க. பையன் மொபைல் டேட்டாவுக்கு தாவிட்டான்னா ரவுட்டர் என்ன பண்ணும், அது உங்க சாமர்த்தியம்.

கேள்வி: கடை சிசிடிவிய வீட்லேருந்து பாக்க டிவிஆருக்கு (கேமரா படத்த பதிவு பண்ற பொட்டி) போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியேருந்து வர்றத ரவுட்டர் நேரா அதுக்கு அனுப்புற செட்டிங், போட்டேன், வரவே மாட்டேங்குது. இதுவும் கம்பெனி பூட்டா?
- வாசகர், சிவகாசி

பதில்: இது வேற பூட்டு. ரவுட்டர்ல வான் ஐபி (கம்பெனி உங்க ரவுட்டருக்கு குடுத்த முகவரி நம்பர்) என்னன்னு பாருங்க, 100.64-லேருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட் உள்ள இருக்கீங்க, அதாவது வெளி உலகத்துக்கு தெரியுற ஒரே பப்ளிக் ஐபிய பல பேருக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்க, நீங்க உங்க பக்கம் என்ன கதவ தொறந்தாலும் வெளி கேட் அவங்ககிட்ட. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உங்களுக்குன்னே தனியா மாறாத பப்ளிக் ஐபி, கேளுங்க, தனியா காசு கேப்பாங்க. அதுக்கு முன்னாடி டிவிஆர் கம்பெனி ஆப்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணி பாருங்க, பெரும்பாலும் அதுலயே படம் வந்துரும்.