படகு இழுக்கும் டபுள் கெப்புக்கு இரண்டாவது டீசல் தாங்கி தேவையா?

நிலாவெளியில் சுற்றுலாப் படகுகள் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 80 லீற்றர் தாங்கியுள்ள டீசல் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. வாடை தொடங்குவதற்கு முன்னர் எங்கள் மூன்று படகுகளையும் ஒவ்வொன்றாகக் கற்பிட்டிக்கு இழுத்துச் செல்ல வேண்டும். படகு, வெளியிணைப்பு இயந்திரம், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,400 கிலோ வரும். வெறும் வண்டியாக ஓடினால் லீற்றருக்கு 11 கிலோமீற்றரும், இழுக்கும்போது 7 கிலோமீற்றரும் கிடைக்கின்றன. பின்பெட்டியில் 100 லீற்றர் தாங்கியொன்றைச் செய்து பொருத்தித் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். டீசல்தானே, பெற்றோலைப் போல ஆபத்தில்லை என்கிறார். செய்யலாமா?"

அவரிடம் செய்விக்க வேண்டாம். ஏன் என்பதை விளக்குவதற்கு முன்னர், நீங்களே எழுதியனுப்பிய எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏனெனில் தாங்கி கேட்டு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாமலேயே முற்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

நிலாவெளியிலிருந்து ஹொரவப்பொத்தானை, மிஹிந்தலை, அநுராதபுரம், புத்தளம், பாலாவி வழியாகக் கற்பிட்டிக்கு ஏறத்தாழ 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 7 என்றால் போவதற்கு 35 லீற்றர் செலவாகும். திரும்பும்போது ட்ரெய்லர் வெறுமையாக வருவதால் லீற்றருக்கு 10 என்று வைத்தாலும் 24 லீற்றர் போதும். ஆக, போய்வர 59 லீற்றர். உங்கள் தாங்கியோ 80 லீற்றர் கொள்ளும். வீட்டிலிருந்து நிறைத்துக்கொண்டு புறப்பட்டால், ஒரு படகை இறக்கிவிட்டு, வழியில் ஓரிடத்திலும் டீசலுக்கு நிற்காமல் வீடு வந்து சேர்ந்த பின்னரும் 20 லீற்றர் மிஞ்சும். அடுத்த படகுக்கு மறுநாள் எப்படியும் மீண்டும் நிறைக்கத்தான் போகிறீர்கள். மணிக்கு 80 இல் ஓடுவதை 60 ஆகக் குறைத்தீர்களானால் இன்னும் சில லீற்றர்கள் மிஞ்சும். உயர்ந்த அணியமுள்ள (முன்முனையுள்ள) படகு காற்றை எதிர்த்து நிற்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இழுவையில் வேகம் விழுங்குகிற டீசலை எந்தத் தாங்கியாலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியிருந்தும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்காமலில்லை. 2022 இல் நாள்கணக்கில் வரிசையில் படுத்துக் கிடந்து, பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரப் பங்கை வாங்கிய எவருக்கும் 80 லீற்றர் போதும் என்று சொன்னால் நெஞ்சு ஏற்றுக்கொள்ளாது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிவைத்த பெருந்தாங்கிகள் 99 நிற்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நாங்கள் வரிசையில் நின்றோம். அந்தப் பயத்தைத்தான் இப்போது சிலர் தகட்டில் வளைத்து ஒட்டி விற்கிறார்கள்.

இனி அந்தத் தகட்டுக்கு வருவோம். ஊரில் செய்து தரும் தாங்கிகளிற் பல, தண்ணீர்த் தாங்கிக்கும் கூரைப் பீலிக்கும் பயன்படும் நாகமுலாம் (துத்தநாக முலாம்) பூசிய தகட்டினால் ஆனவை. துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்பார்கள், சொல்வதும் பொய்யன்று. ஆனால் டீசலில் சிறிதளவேனும் இருக்கும் அமிலங்கள் அந்த நாகத்தை மெல்லக் கரைத்துச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளாக மாற்றிவிடும். மூதூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கெப் வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்பட்டபோது, வடிகட்டியைக் கழற்றி அதிலிருந்த டீசலை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினேன். தட்டின் அடியில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு வழுவழுப்பான படிவு தங்கியது. இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது குளிக்கும் சவர்க்காரத்தைப் போலவே வழுக்கியது. தாங்கி பொருத்தி ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. டீசலை இயந்திரத்தினுள் தூவும் இன்ஜெக்டர்கள் நான்கும் போய்விட்டன. பழைய டீசல் இயந்திரமென்றால் இருமித் துப்பிவிட்டு ஓடிவிடும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரு பொதுக்குழாயிலிருந்து மிகுந்த அழுத்தத்தில் டீசலைக் கொடுக்கும் இப்போதைய கொமன் ரெயில் இயந்திரத்தில் இன்ஜெக்டரின் துளைகள் தலைமயிரின் பருமனளவுதான் இருக்கும் என்பதால் அது எதையும் மன்னிப்பதில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை புதிய வண்டி வராதிருந்த நாட்டில், கையிலுள்ள வண்டியின் இயந்திரத்தை ஒரு தகட்டுக்காகப் பணயம் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

டீசல் பெற்றோலைப் போல ஆபத்தில்லை என்று அவர் சொன்னது பாதி உண்மை. டீசலின் ஆவி தீப்பற்ற 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். பெற்றோலுக்கு உறைகுளிரே போதும். அதனால்தான், மிச்சமிருக்கும் இடத்தில் வெளியிணைப்பு இயந்திரத்துக்கான பெற்றோலையும் ஊற்றிக்கொண்டு போகலாமே என்ற யோசனை உங்களுக்கு ஒருபோதும் வரக்கூடாது. அதற்குரிய கலனில், படகினுள்ளே கட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து, குழாய்த் தொடுப்பு. உங்கள் இயந்திரம் தாங்கியிலிருந்து இழுக்கும் டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. எரித்தது போக மீதியைச் சூடாக்கி இன்னொரு குழாய் வழியாகத் தாங்கிக்கே திருப்பி அனுப்புகிறது. கிணற்றிலிருந்து இறைத்த நீரில் ஒரு குடம் குடித்துவிட்டு மற்றதைத் திரும்பக் கிணற்றில் ஊற்றுவது போலத்தான். அவசரத்தில் வேலை செய்பவர் இழுக்கும் குழாயை மட்டும் புதிய தாங்கிக்கு மாற்றிவிட்டு, திரும்பும் குழாயைப் பழைய தாங்கியிலேயே விட்டுவிடுவார். அப்போது புதிய தாங்கி குறையக் குறையப் பழைய தாங்கி நிரம்பி வழியும். டீசல் பின்சக்கரங்களுக்கடியில் வீதியில் ஊற்றிக்கொண்டு போகும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது எண்ணெய் பூசிய தரையாகிவிடும்.

எடையைப் பற்றியும் நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ, 100 லீற்றரும் தாங்கியும் சேர்ந்து 110 கிலோவைத் தாண்டும். ட்ரெய்லரின் எடையிற் பத்திலொன்றாவது இழுவைக் கொளுக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவிதி. உங்களுக்கு அது 140 கிலோ. கொளுக்கி பின்அச்சுக்குப் பின்னால் ஒரு மீற்றருக்கும் அதிகமாகத் தள்ளி இருப்பதால், இந்த 140 கிலோ பின்அச்சின்மேல் 190 கிலோவாக ஏறி, முன்சக்கரங்களிலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடும். அதன்மேல் தாங்கியையும் பின்கதவை ஒட்டி வைத்தால், மழை பெய்த வீதியில் சுக்கான் திரும்பியும் வண்டி திரும்பாத நிலை வரும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவேயில்லை. இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் இல்லாத ட்ரெய்லரை இழுக்க 750 கிலோதான் எல்லை. உங்களுடையது அதில் இருமடங்கை நெருங்குகிறது. தாங்கிக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நீண்ட தூர ஓட்டங்களுக்காகக் கொள்ளளவைக் கூட்டியே ஆகவேண்டுமானால், நான் ஒப்புக்கொள்வது ஒரேயொரு முறையைத்தான்: உங்கள் வண்டியின் அதே மாதிரிக்கென்று தயாரிக்கப்பட்ட, பழைய தாங்கியைக் கழற்றிவிட்டு அதேயிடத்தில் பூட்டுகிற பெரிய தாங்கி. அவுஸ்திரேலியாவில் இவை 130 முதல் 145 லீற்றர் வரையிலான அளவுகளில் செய்யப்படுகின்றன. உள்ளே டீசல் அலையாதிருக்கத் தடுப்புகளும், வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் காற்றுத்துளை வால்வும் இருக்கும். குழாய்களைப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. எடையும் இரு அச்சுகளுக்கும் இடையில் தாழ்வாக இருக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதைக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். லாண்ட் குரூஸர் போன்ற வண்டிகளிற் சில தொழிற்சாலையிலிருந்தே இரட்டைத் தாங்கிகளோடு வந்தவை. போர்க்காலத்திலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்கள் அத்தகைய வண்டிகளை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தன. பின்னர் அவை கைமாறின. அவற்றில் இரண்டாவது தாங்கி மாற்றமே அன்று, வண்டியின் பிறவி உறுப்பு. தாங்கியை மாற்றும் விசை (சுவிட்ச்) திரும்பும் குழாயையும் சேர்த்தே மாற்றும். எரிபொருள் மானியும் எந்தத் தாங்கியில் ஓடுகிறதோ அதையே காட்டும். அத்தகைய வண்டி உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையில் எதுவும் உங்களுக்கானதன்று. ஆனால் அந்த வண்டியை உடைத்து, அதிலிருந்து எடுத்த தாங்கியை "ஒரிஜினல் ஜப்பான் தாங்கி" என்று உங்கள் டபுள் கெப்பில் ஏற்றினால், தாங்கி ஒரிஜினலாக இருக்கலாம், பொருத்தியது ஒரிஜினல் ஆகாது. விசை இல்லை, மானியின் வயர் இல்லை, பிடிக்கும் பட்டிகள் உங்கள் வண்டியின் அடிச்சட்டத்தில் உட்காரா. தாங்கியை மட்டும் பார்த்து மயங்கியவர்களை நான் எண்ணி அலுத்துவிட்டேன்.

பதிவைப் பற்றி. பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்று எடை எழுதப்பட்டிருக்கிறது. நிலையாகப் பொருத்தும் தாங்கி அதை மாற்றிவிடும். எனவே வேலையைத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலைப் பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் அப்படியே; முகவர் தொலைபேசியில் "பிரச்சினையில்லை அண்ணா" என்று சொன்னது விபத்து நடந்த மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு வாடிக்கையாளருக்காக நானே ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, முதல் கருமபீடத்தில் இரண்டாவது கருமபீடத்துக்கும், இரண்டாவதில் கொழும்புக்கும் அனுப்பினார்கள். கையில் தந்த படிவத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. வாசலுக்கு வெளியே நின்ற தரகரோ நல்ல தமிழில் பேசினார். உள்ளே ஒழுங்காகப் பதில் சொன்னால் வெளியே அவருக்குத் தொழில் இருக்காது. அப்படிப்பட்டவர் "சான்றிதழைத் திருத்தித் தருகிறேன், மூலப் பிரதியைக் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மூலப் பிரதி கைவிட்டுப் போன வண்டி, பாதி விற்கப்பட்ட வண்டி.

கடைசியாக, உங்கள் பழைய தாங்கிக்கே செய்யவேண்டிய ஒன்று. கடற்கரைக் காற்றில் அரைகுறையாக நிற்கும் தாங்கியினுள் இரவில் ஈரம் வியர்த்து நீராக இறங்கும். எனவே கற்பிட்டியில் தங்கும் நாட்களில் மாலையிலேயே டீசலை நிறைத்துவிடுங்கள். காலையில் இயந்திரத்தை இயக்குமுன் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்துப் பாருங்கள். நீர் கலந்திருந்தால் அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள்.