பி.டி. டீச்சரிடம் கேளுங்கள்

மும்பைப் பள்ளியில் 19 வருடமாக பி.டி. எடுக்கிறேன். குழு ஆட்டத்தில் பிள்ளைகள் ஒத்துழைப்பைக் கற்பது பற்றிக் கேளுங்கள், ராத்திரி பத்து வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (முலுண்ட்): மகன் எட்டாவது. யாரோடும் பேசமாட்டான். விளையாட்டு உதவுமா மேடம்?

கிரவுண்டில் இறக்கிவிட்டால் மட்டும் போதாதும்மா. கோ-கோ என்ற துரத்திப் பிடிக்கும் ஆட்டத்தில், துரத்தும் அணியின் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து. துரத்துகிறவர் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று சத்தமாகச் சொன்னால்தான் அடுத்தவர் எழலாம், இல்லையென்றால் ஃபவுல். என் வகுப்பில் ஒருத்தி ஜூன் முழுக்க வாய் திறக்கவில்லை. தொட்டுவிட்டுச் சும்மா நின்றாள். உட்கார்ந்திருந்தவளும் எழவில்லை, நானும் விசில் ஊதவில்லை. மூன்றாவது தடவை ‘கோ’ என்று ஒரு அலறல்! எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து, “இன்று சரியான நேரத்தில் கோ கொடுத்தது யார்?” என்று கேட்பேன். அன்று இரண்டு பேர் அவள் பெயரைச் சொன்னார்கள்.

கேள்வி: செம்பூரில் நல்ல அகாடமி?

தெரியாது.

கேள்வி: டீம் பிரிப்பது எப்படி?

இரண்டு கேப்டன்கள் ஆள் பொறுக்கும் முறை வேண்டவே வேண்டாம். கடைசியாக நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று, இரண்டு எண்ணிப் பிரியுங்கள்.

கேள்வி: கிரிக்கெட்டும் குழு ஆட்டம்தானே?

சிவாஜி பார்க் கிரிக்கெட் மைதானம் இருக்கிற ஊரில் இதைச் சொன்னால் அடி விழும், பரவாயில்லை. 40 பிள்ளைகள், ஒரு மட்டை, அரை மணி நேரம். பாதிப் பேர் பவுண்டரியில் புல் பிடுங்குவார்கள்.

அதே அன்பர்: சச்சின் அங்கேதானே வளர்ந்தார்?

அவர் வலைப் பயிற்சியில் வளர்ந்தார், பி.டி. பீரியடில் இல்லை.

கேள்வி: ஆட்டத்தில் சண்டை வந்தால்?

அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடவிடுங்கள், பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடிக்கும் குழு ஆட்டம். உலகப் போட்டியில்கூட அதற்கு நடுவர் கிடையாது. ஃபவுல் என்று ஆடுகிறவரே சொல்ல வேண்டும். எதிராளி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் பெரும்பாலும் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும். முதல் வாரம் கத்துவார்கள். விட்டுவிடுங்கள், நடுவில் போகாதீர்கள்.

கேள்வி: பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் எடுத்துக்கொள்கிறார்.

சி.பி.எஸ்.இ. 2018-லேயே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கட்டாயமாக்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: தாணேயில் அகாடமி?

மேலே பாருங்கள்.

கிரிக்கெட் அன்பர்: ஃபீல்டிங்கும் ஒத்துழைப்புதான் மேடம்!

புல் பிடுங்குவதிலா? சரி, பத்து மணி. நாளைக் காலை ஏழுக்கு கிரவுண்டுக்கு வாருங்கள், எண்ணிக் காட்டுகிறேன்.