பிஃப்த் வீல் வாங்குமுன் ட்ரெயிலரை அளந்து பாருங்கள்: கேள்வி பதில்

கொழும்புத் துறைமுகத்தில் கொன்டெய்னர் இழுப்பவர்களும் லோபெட் எனும் தாழ்தள ட்ரெயிலரில் எக்ஸ்கவேட்டர் ஏற்றுபவர்களும் பிரைம் மூவர் எனும் இழுவை வண்டிக்கான பிஃப்த் வீல் (ட்ரெயிலரைத் தாங்கிப் பூட்டும் தட்டு) பற்றிக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பேலியகொடையிலிருந்து: அண்ணா, பழைய பிஃப்த் வீல் வெடிச்சுப் போச்சு, மாத்த வேணும். பஞ்சிகாவத்தையில 50, 90 எண்டு ரெண்டு சொல்றாங்க. பெரியதைப் போட்டா பலம் கூடத்தானே?

அந்த எண் பலத்தின் அளவு அல்ல, கிங்பின்னின், அதாவது ட்ரெயிலரின் அடியில் நீட்டி நின்று பூட்டுக்குள் போகும் பின்னின், தடிப்பு. 50 என்பது 2 அங்குலப் பின்: பூட்டுப் பிடிக்கும் கழுத்து 50.8 மி.மீ., அதற்கு மேலுள்ள தோள் 73 மி.மீ. 90 என்பது மூன்றரை அங்குலப் பின். கொன்டெய்னர் இழுக்கும் எலும்புக்கூட்டு ட்ரெயிலர்கள் வழக்கமாக 2 அங்குலம்தான். பாரமான லோபெட்டுகளில் மூன்றரை வரும். சீனாவிலிருந்து வரும் பிரைம் மூவர்கள் இரண்டு விதமாகவும் வருவதால், வாங்கும்போதே எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

90 பூட்டில் 50 பின்னைக் கொளுவினால் பூட்டுக்குள் பின் ஆடும், பிரேக் அடிக்கும்போது கழன்றும் போகலாம். இடையில் புஷ் செருகி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில கனரக மொடல்களுக்குத் தயாரிப்பாளரே 2 அங்குலத்துக்கும் மூன்றரைக்கும் மாற்றிப்போடும் பூட்டுத் தொகுதி விற்கிறார். முறையான வழி அது ஒன்றுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் நீங்கள் கொளுவும் எல்லா ட்ரெயிலர்களின் பின்னையும் வேர்ணியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

வத்தளையிலிருந்து: தகட்டில 152, 20 எண்டு அடிச்சிருக்கு. எங்கட வேலைக்குக் காணுமா? எப்படிக் கணக்குப் பாக்கிறது?

152 என்பது டி பெறுமானம், கிலோநியூட்டனில். இழுவைக்கும் ட்ரெயிலருக்கும் இடையில் முன்பின்னாக வரும் விசையை அது தாங்கும் அளவு. 20 என்பது தட்டின்மேல் நேராக இறங்கக்கூடிய பாரம், தொன்னில். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருந்து மற்றது மீறினாலும் பிழைதான்.

டி கணக்கு இது:

0.6 × 9.81 × (இழுவை × ட்ரெயிலர்) ÷ (இழுவை + ட்ரெயிலர் − தட்டுப் பாரம்)

இழுவையின் எடையில் தட்டில் இறங்கும் பாரத்தையும் சேர்க்க வேண்டும். ட்ரெயிலரின் எடை என்பது சரக்கோடு அதன் முழு எடை. இங்குதான் பலர் பிழை விடுகிறார்கள்: இழுவையின் வெற்று எடையைப் போட்டால் டி குறைவாக வந்து ஏமாற்றும்.

உதாரணத்துக்கு 9 தொன் 6×4 பிரைம் மூவர், 5 தொன் ட்ரெயிலர், 30.48 தொன் நிறைந்த 40 அடி கொன்டெய்னர் என்று எடுப்போம். ட்ரெயிலரின் முழு எடை ஏறத்தாழ 35.5. தட்டில் 14 இறங்குகிறது என்றால் இழுவை 23. 23 × 35.5 = 816.5. அதை 44.5ஆல் வகுத்தால் 18.35. 5.886ஆல் பெருக்கினால் 108 கிலோநியூட்டன். உங்கள் 152 தாராளமாகக் காணும். கொன்டெய்னர் வேலைக்கு இதைவிடப் பெரியதைப் போட்டால் காசும் எடையும்தான் கூடும்.

கெரவலப்பிட்டியிலிருந்து: ஐயா, லோபெட்டுக்கும் அதே கணக்குத்தானா?

கணக்கு அதேதான், விடை வேறு. 60 தொன் முழு எடையுள்ள லோபெட், தட்டில் 20 தொன், இழுவை 30 தொன் என்று போட்டுப் பாருங்கள்: 1800ஐ 70ஆல் வகுத்து 5.886ஆல் பெருக்கினால் 151.4. தட்டுப் பாரமும் சரியாக 20. இரண்டு எல்லையிலும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கிறீர்கள், கையிருப்பு எதுவும் இல்லை. எக்ஸ்கவேட்டரைக் கொஞ்சம் முன்னே நிறுத்தினாலே தட்டுப் பாரம் மீறிவிடும். இந்த வேலைக்கு மூன்றரை அங்குலப் பின்னும் அதற்கேற்ற கனரகத் தட்டும்தான் வேண்டும். தட்டைக் கீழிருந்து தாங்கும் மவுண்டிங் பிளேட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும். மேலே கனரகத் தட்டைப் போட்டுவிட்டுக் கீழே பழைய மெல்லிய பிளேட்டை விட்டால், அடுத்து வெடிப்பது அந்தப் பிளேட்.

ஒருகொடவத்தையிலிருந்து: 40 அடி ட்ரெயிலரில ஒரே ஒரு 20 அடி பெட்டி ஏத்தினா எங்க வைக்கிறது? சாரதிமார் ஆளுக்கொரு கதை சொல்றாங்க.

மிகவும் நல்ல கேள்வி. பிஃப்த் வீல் வெடிப்பதற்கும் மழையில் சில்லு சுற்றுவதற்கும் இது ஒரு பெரிய காரணம், ஆனால் பழி எப்போதும் தட்டின்மேல் விழுகிறது.

கிங்பின் ட்ரெயிலரின் முன் விளிம்பிலிருந்து 0.9 மீட்டர் பின்னால், அச்சுத் தொகுதியின் நடு கிங்பின்னிலிருந்து 8.6 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். பெட்டி 24 தொன். ட்ரெயிலரின் சொந்த எடையில் 2 தொன் தட்டில் இறங்குகிறது.

பெட்டியை முன்னால் ஒட்டி வைத்தால் அதன் நடுவிலிருந்து அச்சு நடுவுக்கு 6.45 மீட்டர். நாலில் மூன்று பங்கு, அதாவது 18 தொன், தட்டுக்கு வரும். ட்ரெயிலரின் 2ஐயும் சேர்த்தால் 20. 40 அடி முழுப்பெட்டியை விட இது 6 தொன் கூட! தட்டு எல்லையில் நிற்கும், பிரைம் மூவரின் பின் அச்சுகளோ எல்லையைத் தாண்டியிருக்கும்.

பின்னால் ஒட்டி வைத்தால் தட்டுக்கு வருவது 1 தொன் அளவு, மொத்தம் 3. இழுவைச் சில்லுகளுக்குப் பிடிப்பு இருக்காது. ஈரத் தெருவில் ஏற்றம் ஏறும்போது சுற்றும், பிரேக் அடித்தால் இழுவை மடியும். ட்ரெயிலரின் அச்சுகள் 26 தொன்னைத் தாங்கவேண்டி வரும்.

நடுவில் வைத்தால் தட்டில் பதினொன்றரை தொன் அளவு. நடுவில் ட்விஸ்ட் லொக் (பெட்டியின் மூலையைப் பிடிக்கும் திருகு பூட்டு) உள்ள ட்ரெயிலரைத்தான் இந்த வேலைக்கு எடுக்க வேண்டும். பின்கதவால் இறக்குவது சுகம் என்பதற்காகப் பெட்டியைப் பின்னால் வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: ஜப்பான் ரீகண்டிஷன் பிரைம் மூவர் ஒண்டு பாத்தம். தட்டு முன்பின்னா மட்டுமில்ல, இடது வலதாகவும் ஆடுது. பழுதா?

பழுதாக இருக்கவேண்டியதில்லை. ஜப்பானில் ஓரச்சு, ஈரச்சு என்று இரண்டு வகை உண்டு. ஈரச்சுத் தட்டு பக்கவாட்டிலும் சாயும். மேடுபள்ளத்தில் பாரமான லோபெட்டின் சட்டம் முறுகாமல் இருக்க அது உதவும். கொன்டெய்னருக்கு அது ஆகாது. உயரமான பெட்டி வளைவில் சாயும்போது அதைத் தடுத்துப் பிடிப்பதில் பிரைம் மூவரின் செசிக்கும் பங்கு உண்டு. ஈரச்சுத் தட்டு அந்தப் பிடியை விட்டுவிடும், பெட்டி புரள்வது இலகுவாகிவிடும். கொன்டெய்னர்தான் தொழில் என்றால் விலை பேசும்போதே ஓரச்சுத் தட்டுக்கு மாற்றும் செலவையும் கழித்துப் பேசுங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: தட்டை எவ்வளவு முன்னுக்குப் போடுறது? உயரம் எவ்வளவு?

6×4இல் தட்டின் நடு, இரண்டு பின் அச்சுகளின் நடுவுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். எவ்வளவு என்பது முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதில் இருக்கிறது. தட்டுப் பாரத்தை முன்தள்ளிய தூரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுங்கள்: 14 தொன், 0.3 மீட்டர், 3.9 மீட்டர் என்றால் முன் அச்சுக்குக் கூடுதலாக 1.08 தொன் போகும். முன் அச்சின் எல்லைக்குள் அது அடங்குகிறதா என்று பாருங்கள். தட்டின் நடு அச்சு நடுவுக்குப் பின்னால் போகவே கூடாது. முன்சில்லு தூக்கும், ஸ்டியரிங் பிடிக்காது.

முன்னே தள்ளுமுன் கெபின் இடைவெளியை அளக்க வேண்டும். ட்ரெயிலரின் முன்மூலை கிங்பின்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும். கிங்பின்னுக்கு முன்னால் 1.6 மீட்டர், அரை அகலம் 1.25 மீட்டர் என்றால் அந்த ஆரை 2.03 மீட்டர். கெபினின் பின்சுவர், காற்று வடிகட்டி, எக்ஸோஸ்ட் எல்லாம் அதற்கு வெளியே இருக்க வேண்டும். குளிரூட்டிக் கொன்டெய்னருக்கு முன்னால் ஜெனரேட்டர் மாட்டி இழுப்பவர்கள் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். செசியின் பின்முனை திரும்பும்போது லேண்டிங் லெக்கில் (ட்ரெயிலரைத் தனியே நிறுத்தும் கால்) முட்டுகிறதா என்றும் பாருங்கள்.

உயரத்துக்கு வருவோம். பாரத்தோடு தட்டு 1250 மி.மீ., ட்ரெயிலர் கழுத்து 150, ஹைகியூப் பெட்டி 2896 என்றால் மொத்தம் 4296 மி.மீ. நகரத்தின் குறுக்குத் தெருக்களில் தொங்கும் வயர்களை நினைத்தால், 190 மி.மீ. உயரத் தட்டுக்குப் பதில் 150 போட்டுக் கிடைக்கும் 40 மி.மீ.யும் பெறுமதியானது. ஆனால் தட்டைத் தாழ்த்தினால் ஏற்றம் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் தருணத்தில் செசியின் பின்முனையும் டயரும் ட்ரெயிலரின் அடியில் உரசக்கூடும். பொருத்தியபின் ஒரு சரிவில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரக்கு ஏற்றுங்கள். ட்ரெயிலர் மட்டமாக நிற்பதும் முக்கியம். மூக்கு தூக்கி நின்றால் பாரம் கடைசி அச்சில் போய்க் குந்தும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: கராஜ் பாஸ் போல்டுக்குப் பதிலா வெல்ட் பண்ணலாம் எண்டு சொல்றார்.

வேண்டாம். தட்டும் அதன் கால்களும் பெரும்பாலும் வார்ப்பு உலோகம். கண்ட இடத்தில் வெல்ட் பண்ணினால் சூடேறிய விளிம்பில் வெடிப்புத் தொடங்கும். செசிச் சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதோ வெல்ட் பண்ணுவதோ இன்னும் மோசம். சப்ஃபிரேம் கோணச்சட்டத்தைச் செசியின் பக்கச்சுவரில் போல்ட் பண்ணி, அதன்மேல் மவுண்டிங் பிளேட், அதன்மேல் தட்டு. தட்டுக்கு வழக்கமாக எம் 16 போல்ட் 8 அல்லது 12, தரம் 8.8 அல்லது 10.9. 8.8க்கு முறுக்கு அண்ணளவாக 200 நியூட்டன் மீட்டர், 10.9க்கு அதைவிடக் கூட. உங்கள் மொடலின் தாளில் உள்ள எண்தான் இறுதி. ஸ்பிரிங் வொஷர் போடாதீர்கள், கழற்றிய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். தொடும் முகங்களில் தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள், அது நசுங்கினால் போல்ட் தளரும். முதல் சில பாரப் பயணங்களுக்குப் பிறகு டோர்க் ரென்ச்சால் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.

களனியிலிருந்து: கிளட்ச் விடும்போதும் பிரேக் அடிக்கும்போதும் "டொக்" எண்டு அடிக்குது. பூட்டை இறுக்கினா சரியா?

இறுக்குமுன் சத்தம் எங்கிருந்து என்று பிடியுங்கள். ட்ரெயிலர் பிரேக்கைப் போட்டுவிட்டு, சாரதி பிரைம் மூவரை முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் போகாதீர்கள். தட்டுக்கும் ட்ரெயிலருக்கும் இடையில் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்தது பூட்டு, பின்னைச் சுற்றியுள்ள வளையம் அல்லது பின். தட்டு தன் கால்களின்மேல் அசைந்தால் கால் புஷ் போய்விட்டது. கால்கள் மவுண்டிங் பிளேட்டின்மேல் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது.

பூட்டுத்தான் என்றால் முதலில் பின்னை அளங்கள். 2 அங்குலப் பின்னில் கழுத்து 49 மி.மீ.க்கும் தோள் 71 மி.மீ.க்கும் குறைந்தால் பின்னை மாற்ற வேண்டும். மூன்றரையில் அந்த எல்லைகள் 86, 112. தேய்ந்த பின்னை வைத்துக்கொண்டு பூட்டை இறுக்குவதுதான் கொழும்பில் அதிகம் நடக்கும் பிழை. இங்கே ஒரு பிரைம் மூவர் ஒரே நாளில் பல ட்ரெயிலர்களைக் கொளுவுகிறது. காலையில் தேய்ந்த பின்னுக்கு ஏற்ப இறுக்கினால், பின்னேரம் புதுப் பின்னுள்ள ட்ரெயிலரில் பூட்டு முழுதாக மூடாது. கைப்பிடி பாதியில் நிற்கும், சாரதி பூட்டிவிட்டதாக நினைத்து எடுத்துவிடுவார். பூட்டைச் சரிசெய்வது எப்போதும் புது அளவுள்ள பின்னில்தான். தேய்ந்த பின்னுள்ள ட்ரெயிலர் உங்களுடையது இல்லையென்றால் உரிமையாளரிடம் அளவைச் சொல்லி, மாற்றும்வரை கொளுவ மறுத்துவிடுங்கள்.

பின் மாற்றும்போது ட்ரெயிலரின் அடித்தட்டுத் தடிப்பையும் பாருங்கள். 8, 10, 12 மி.மீ. தட்டுக்கு வெவ்வேறு பின் உண்டு. மாறிப் போட்டால் பூட்டுக்குள் பின்னின் உயரம் பிழைக்கும்.

ஜா-எலவிலிருந்து: கொளுவினது சரியா எண்டு எதைப் பாத்து நம்புறது?

சத்தத்தை நம்பாதீர்கள். ட்ரெயிலரின் அடித்தட்டு பிஃப்த் வீலின் மட்டத்தில், அல்லது அதிகபட்சம் 50 மி.மீ. தாழ்வாக இருக்கும்படி லேண்டிங் லெக்கைச் சரிசெய்துவிட்டுப் பின்னே வாருங்கள். ட்ரெயிலர் உயரமாக நின்றால் பின் பூட்டுக்கு மேலாகப் போகும், அல்லது பின்னின் அடி விளிம்பை மட்டும் பூட்டுப் பிடிக்கும். அது கொளுவினது போலவே தெரியும், முதல் மேட்டில் கழன்றுவிடும்.

கொளுவியபின் ட்ரெயிலர் பிரேக் பிடித்தபடி இருக்க, சிறிய கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு இறங்கி டோர்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு தட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது, பூட்டு பின்னின் பின்பக்கத்தை மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுதாக உள்ளே போய்ப் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் சிவப்பு, மஞ்சள் காற்றுக் குழாய்கள், 24 வோல்ட் வயர், கடைசியில் லேண்டிங் லெக்.

ஹெந்தளையிலிருந்து: கிறீஸ் எத்தனை நாளைக்கு ஒருக்கா?

ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. துறைமுகத்துக்குள்ளேயே திரும்பித் திரும்பி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் குறைவு, தட்டு உரசுவது அதிகம். ஆகவே வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மொலிப்டினம் அல்லது கிராபைட் கலந்த ஈ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கிறீஸ் போதும். பழையதை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். மணலும் உப்பும் கலந்த பழைய கிறீஸின்மேல் புதியதைப் பூசினால் தட்டு அரைபடும். பிளாஸ்டிக் லைனர் உள்ள தட்டுக்கு மேற்பரப்பில் கிறீஸ் தேவையில்லை, பூட்டுக்கும் வளையத்துக்கும் மட்டும் பூசுங்கள். லைனரைப் பிடிக்கும் போல்ட் தலைகள் மேற்பரப்போடு மட்டமாக வந்துவிட்டால் லைனரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.