இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது: படகு டிரிம் மோட்டார் கேள்வி–பதில்

கேள்வி: ஆற்காட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், பவர் விண்டோ வேலைகள் அத்துப்படி. புதுச்சேரியில் சுற்றுலாப் படகு ஓட்டும் என் மைத்துனர், படகின் பின்னால் இருக்கும் டிரைவை (புரொப்பல்லர் உள்ள பகுதியை) தூக்கி இறக்குகிற டிரிம் பம்ப்பை மோட்டார், ரிலேக்களோடு கழற்றி அனுப்பியிருக்கிறார். இறக்கும் பட்டன் வேலை செய்கிறது. தூக்கும் பட்டனை அழுத்தினால் ரிலே ‘டக்’ என்கிறது, மோட்டார் சுற்றுவதில்லை. மோட்டாரில் நீலம், பச்சை என இரண்டே ஒயர்கள். மோட்டாரைப் பிரித்து கார்பன் மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: இப்போதைக்கு மோட்டாரில் கை வைக்காதீர்கள். இரண்டு ஒயர் மோட்டார் என்றால் உள்ளே நிரந்தரக் காந்தம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே கார்பன், அதே ஆர்மெச்சர் (சுற்றும் பகுதி)தான். ஒரு பக்கம் நன்றாகச் சுற்றுகிற மோட்டாரில் மறுபக்கத்துக்கு மட்டும் கார்பன் தேய்ந்திருக்க வழியில்லை.

நீங்கள் தினமும் பார்க்கும் பவர் விண்டோ சர்க்யூட்தான் இது. பட்டனைத் தொடாதபோது நீலம், பச்சை இரண்டையும் ரிலேக்கள் எர்த்தில் பிடித்து வைத்திருக்கும். தூக்கும் பட்டனை அழுத்தினால் ‘அப்’ ரிலே நீலத்துக்கு 12 வோல்ட் கொடுக்கும். கரண்ட் திரும்பும் வழி பச்சை. அது எர்த்துக்குப் போவது ‘டவுன்’ ரிலேயின் ஓய்வு நிலை கான்டாக்ட் வழியாக. ஆக, தூக்க மறுத்தால் குற்றவாளி ‘டவுன்’ ரிலேயாகவும் இருக்கலாம். பலர் ‘அப்’ ரிலேயை மட்டும் மாற்றிவிட்டு, சரியாகவில்லை என்றதும் மோட்டார்மேல் பழி போடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் மோட்டாரைப் பம்ப்பிலிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள். ஹோஸ் கழற்றிய பம்ப்போடு சேர்த்து ஓட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நீலத்துக்கு பிளஸ், பச்சைக்கு மைனஸ் கொடுங்கள். பிறகு மாற்றிக் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் மோட்டார் நல்ல மோட்டார்.

அடுத்து ரிலேக்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இப்போது ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை என்றால் பழுது ரிலேயில். பழுது அப்படியே இருந்தால் ஒயரில். எந்தக் கான்டாக்ட் என்று பார்க்க, ரிலேயில் 30, 87, 87ஏ என்று அச்சிட்டிருந்தால் ஓய்வில் 30–87ஏ, இழுக்கும்போது 30–87 சேர வேண்டும். மல்டிமீட்டரின் ‘பீப்’பை மட்டும் நம்ப வேண்டாம். கருகிய கான்டாக்ட்டும் மீட்டரின் சொற்பக் கரண்டைக் கடத்திவிடும். 60 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டு எரியவிட்டு, கான்டாக்ட்டின் இரு முனைகளுக்கிடையே வோல்ட் பாருங்கள். 5 ஆம்பியருக்கே 0.2 வோல்ட் விழுந்தால், மோட்டார் இழுக்கும் கரண்டை அது தாங்காது. ஒன்று போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஒயரில் பழுது என்றால் லக்குகளை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காதுகளை) பாருங்கள். உப்புக்காற்றில் லக்கிலிருந்து இன்சுலேஷனுக்குள்ளேயே பச்சை பூத்து ஏறிவிடும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் பூசிய ஒயரில் புது லக்கை கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். டேப் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

ரிலே ‘டக்’ என்பதால் பட்டன், கண்ட்ரோல் ஃபியூஸ் வரை சரி. பிற்பாடு தூக்கும் பட்டனில் அந்தச் சத்தமும் வராமல், படகை டிரெய்லரில் ஏற்றுவதற்காக டிரைவை முழுக்கத் தூக்கும் டிரெய்லர் பட்டனில் மட்டும் ஏறினால், டிரைவ் எவ்வளவு உயரலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட் சுவிட்சையோ அதன் ஒயரையோ பாருங்கள்.

மோட்டாரே சரியில்லை என்று தெரிந்தால்தான் பிரிக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரைத் தட்டுவதுபோல இதைச் சுத்தியலால் தட்டக் கூடாது. காந்தம் விரிசல் விடும். காமுடேட்டரை (ஆர்மெச்சரில் கார்பன் உரசும் செம்புப் பட்டைகளை) 400 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள், எமரி வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கிடையே தங்கி ஷார்ட் செய்யும். துருவால் கார்பன் கூட்டுக்குள் சிக்கியிருக்கிறதா, ஸ்பிரிங்குக்கு வலு இருக்கிறதா என்று பாருங்கள். மூடும்போது புது ஓ-ரிங் கட்டாயம். பெட்ரோல் இன்ஜின் அறைக்குள் உட்காரும் மோட்டார் இது. உள்ளே வரும் பொறி வெளியே தெரியக் கூடாது. அதே காரணத்துக்காகத்தான் அங்கே சாதாரண கார் ரிலேயைப் போடாதீர்கள் என்கிறோம். 110 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் கம்பி கட்டுவதும் படகில் தீயைக் கூப்பிடுவதுதான்.

மைத்துனரிடம் சொல்ல வேண்டியது: ஹோஸில் கை வைக்குமுன் டிரைவ் முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அழுத்தம் போனால் மொத்த எடையும் சட்டென்று விழும். ஒயர் நிறத்தைப் பார்த்தால் மெர்க்ரூசர் நிறுவன டிரைவ் வகை போலத் தெரிகிறது. அதற்கு டிரிம் ஃப்ளூயிட் கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் போதும். டிரைவைக் கீழே இறக்கி வைத்து ஊற்றி, ஆறேழு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி கீழே இறக்கி அளவு பார்க்கட்டும். நடுவில் மோட்டார் சூடாறவும் விட வேண்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய டிரிம் மோட்டாரில் நீலம், பச்சை, கருப்பு என மூன்று ஒயர்கள். இதுவும் மேலே தூக்கவில்லை. காட்பாடியில் போர்வெல் மோட்டார் சுற்றுபவரிடம் ரீவைண்டிங் செய்யலாமா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மூன்று ஒயர் மோட்டாருக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. இதில் காந்தம் கிடையாது. ஏற ஒரு ஃபீல்டு காயில், இறங்க ஒன்று. கருப்பை மைனஸில் வைத்து, நீலத்துக்கு நேரடியாக பிளஸ் கொடுங்கள். சுற்றவில்லை, பச்சைக்குக் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் நீலத்தின் ஃபீல்டு காயில் அறுந்திருக்கிறது, அல்லது அதன் பற்று விட்டிருக்கிறது. பல நேரம் பற்றவைத்தாலே போதும்.

ஆர்மெச்சர் சந்தேகமானால் குரௌலரில் (ஆர்மெச்சரில் ஷார்ட் பார்க்கும் கருவி) வைத்து, மேலே ஆக்ஸா பிளேடைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். ஷார்ட்டான காடிக்கு மேல் பிளேடு அதிரும். காமுடேட்டருக்கும் ஷாஃப்டுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. போர்வெல் மோட்டார் ஸ்டேட்டர் சுற்றுவது வேறு, டிசி ஆர்மெச்சர் சுற்றுவது வேறு. செல்ஃப் ஆர்மெச்சர் சுற்றும் கைக்கே கொடுங்கள். பழைய கம்பியை வெட்டுமுன் சுற்று எண்ணிக்கையையும் கேஜையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கார்பன் பக்கம் கருப்புக் களிம்பாக ஆயில் தெரிந்தால், பம்ப் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது ஆர்மெச்சரை மாட்டாதீர்கள்.