டார்ட்டர்: மடத்துத் துறவிகள் படுத்த கூடம் பற்றிக் கேள்வி பதில்

டார்ட்டர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இடைக்கால இங்கிலாந்தில் நடக்கிற ஒரு நாவலில் துறவிகள் 'டார்ட்டருக்கு' போனார்கள் என்று வருகிறது. டார்மிட்டரி என்பதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களா?

பதில்: அச்சுப்பிழை இல்லை, தனிச்சொல்தான். லத்தீன் 'டார்மிடோரியம்' பழைய பிரெஞ்சில் தேய்ந்து, அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்து டார்ட்டர் ஆனது. டார்மிட்டரியை அதே லத்தீனிலிருந்து பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவ மடத்தில் துறவிகள் எல்லோரும் சேர்ந்து படுக்கும் நீளமான கூடம் என்று பொருள். கன்னியர் மடத்துக்கும் இதே சொல்தான்.

கேள்வி: அப்படியானால் காலேஜ் ஹாஸ்டலை டார்ட்டர் என்று எழுதலாமா சார்? கதைக்கு ஒரு பழைய வாசனை கிடைக்கும்.

பதில்: வேண்டாம். ஹாஸ்டல், படைமுகாம், ஆஸ்பத்திரி வார்டு எதற்கும் இது பொருந்தாது. இன்று இதை எழுதுகிறவர்கள் தொல்லியல் துறையினர், கட்டடக்கலை எழுதுபவர்கள், இடிந்த மடங்களில் தகவல் பலகை வைப்பவர்கள், அப்புறம் வரலாற்று நாவலாசிரியர்கள். டார்மிட்டரிக்கு இது ஓர் அலங்காரப் பெயர் என்று பலர் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி ஜெபத்துக்கு எழுந்து போக வேண்டியவர்களுக்காகவே கட்டிய இடம் அது. படுக்கை, விளக்கு, படிக்கட்டு எல்லாமே அந்த ஒரு வேலையைச் சுற்றி அமைந்தவை.

கேள்வி: துறவி என்றால் தனிமை இல்லையா? ஏன் எல்லோரையும் ஒரே அறையில் போட்டார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் மடங்களுக்கு ஒரு விதிநூல் எழுதினார். அதன் 22ஆம் அத்தியாயம் முழுக்கத் தூக்கத்தைப் பற்றியது. ஆளுக்கொரு படுக்கை, முடிந்தால் எல்லோரும் ஒரே இடத்தில், கூட்டம் அதிகமானால் பத்துப் பேராகவோ இருபது பேராகவோ பிரித்து மூத்தவர்களின் கண்காணிப்பில் படுக்க வேண்டும், விடியும்வரை விளக்கு எரிய வேண்டும், இளையவர்களை அடுத்தடுத்துப் படுக்கவிடாமல் நடுநடுவே பெரியவர்களைப் போட வேண்டும். உடுத்த உடையோடும் இடுப்பில் கட்டிய கயிற்றோடும் படுக்க வேண்டும், மணி அடித்ததும் எழுந்து ஓட வசதியாக. ஆனால் கத்தியை மட்டும் கழற்றி வைத்துவிடச் சொல்கிறார், தூக்கத்தில் புரளும்போது குத்திக்கொள்ளக் கூடாதே என்று! எழும்போது ஒருவரையொருவர் மெதுவாகத் தட்டி எழுப்புங்கள், தூங்குமூஞ்சிகள் சாக்குச் சொல்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இதை எழுதியவர் மனிதர்களோடு நெருங்கி வாழ்ந்தவர் என்று இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

படுக்கை என்றால் பாய், போர்வை, மேல்விரிப்பு, தலையணை, அவ்வளவுதான். சொந்தமாக எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று மடத் தலைவர் அடிக்கடி படுக்கையைச் சோதிக்கவும் 55ஆம் அத்தியாயம் சொல்கிறது.

கேள்வி: படங்களில் பார்த்தால் டார்ட்டர் எப்போதும் மாடியில்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: வழக்கமாக மடத்து முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்தின் மேல்மாடி அது. கோயிலை ஒட்டியே இருப்பதால், கூடத்தின் ஒரு கோடியிலிருந்து நேராகக் கோயிலுக்குள் இறங்க ஒரு படிக்கட்டு வைப்பார்கள். அதற்கு இரவுப் படிக்கட்டு என்றே பெயர். வெளியே மழையோ பனியோ, நடு ராத்திரியில் எழுந்தவர் நனையாமல் ஜெபத்துக்குப் போய்விடலாம். வடக்கு இங்கிலாந்தில் ஹெக்ஸம் கோயிலில் இந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கிறது, கால் பட்டுப் பட்டுக் கல் நடுவில் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: 'ரியர்டார்ட்டர்' என்று ஒரு பலகை பார்த்தேன். பின்பக்கப் படுக்கையறையா?

பதில்: கழிப்பறை. டார்ட்டருக்குப் பின்னால் இருப்பது என்பதால் அந்தப் பெயர். கீழே ஓடும் வாய்க்காலுக்கு மேலே வரிசையாக இருக்கைகள் இருக்கும்.

கேள்வி: அந்தக் குளிரில் எப்படிப் படுத்தார்கள்? கடைசிவரை மறைப்பே இல்லாமல்தான் இருந்தார்களா?

பதில்: குளிர்காய மடத்தில் தனியாக ஓர் அறை உண்டு, டார்ட்டரில் பொதுவாக அடுப்பு கிடையாது. மறைப்பு மெல்ல மெல்ல வந்துவிட்டது. சிஸ்டர்சியன் என்ற துறவியர் சபையின் டார்ட்டர்களில் தனி அறை கட்டக் கூடாது என்று பாப்பரசர் 12ஆம் பெனடிக்ட் 1335இல் தடை போட்டார், அவரே அந்தச் சபைக்காரர். தடை போடும் அளவுக்கு அந்தப் பழக்கம் பரவியிருந்தது. வடக்கு இங்கிலாந்தின் டர்ஹம் பேராலய மடத்தில் 1398 முதல் 1404 வரை கட்டிய பெரிய டார்ட்டரில் மரத் தடுப்பு போட்டு ஆளுக்கொரு சிற்றறை கொடுத்திருந்தார்கள். கார்த்தூசியன் என்ற இன்னொரு துறவியர் சபையில் கதையே வேறு. யார்க்ஷயரின் மவுண்ட் கிரேஸ் மடத்தில் ஒவ்வொரு துறவிக்கும் தோட்டத்தோடு தனிக் குடில், அதனால் அங்கே டார்ட்டர் என்ற பேச்சே இல்லை.

கேள்வி: இன்று எங்கே போய்ப் பார்க்கலாம்?

பதில்: இங்கிலாந்து மன்னர் 8ஆம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை மூடியபோது பெரும்பாலானவை பாழாயின. தப்பியதில் சாமர்செட்டின் க்ளீவ் மடத்தில் 13ஆம் நூற்றாண்டு டார்ட்டர் இருக்கிறது. டர்ஹம் பேராலயத்தின் டார்ட்டருக்குப் போனால் ஓக் மர உத்தரங்களை நிமிர்ந்து பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் டர்ஹம் போங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பில் எப்படி எழுதுவது? 'பள்ளி' என்று போடலாமா?

பதில்: ஆசையாகத்தான் இருக்கிறது. படுக்கும் இடம், சமணத் துறவியர் தங்கும் இடம் இரண்டுக்குமே தமிழில் பள்ளி என்ற பெயர் உண்டு. ஆனால் இன்றைய வாசகர் கரும்பலகையையும் மணியையும்தான் நினைப்பார். 'பள்ளியறை' என்றால் ராஜாவும் ராணியும் வந்துவிடுவார்கள். முதலில் வரும் இடத்தில் 'டார்ட்டர் என்னும் துயிற்கூடம்' என்று எழுதுங்கள், பிறகு துயிற்கூடம் என்றே கொண்டுபோகலாம்.