ஒளிப்படக் கேள்வி – பதில்: மூக்குத்திக்கும் கண்ணுக்கும் நடுவே

கேள்வி: கைமாறி வந்த லைக்கா எம் 240 கேமராவில் 50 மி.மீ. எஃப் 2 லென்ஸை வைத்து ஓராண்டாகப் படமெடுத்து வருகிறேன். முகப்படங்கள் எடுப்பதில்தான் எனக்கு விருப்பம் அதிகம். செவன் ஆர்ட்டிசான்ஸ் நிறுவனத்தின் 75 மி.மீ. எஃப் 1.25 லென்ஸ் என் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் (இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பில்) அதை ஃபோகஸ் செய்யவே முடியாது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாங்கலாம். ஆனால் முதல் ஒரு வாரத்தை முகங்களுக்குக் கொடுக்காமல் அளவுகோலுக்குக் கொடுக்க உங்களுக்குச் சம்மதம் இருக்க வேண்டும்.

லைக்கா 2017இல் அறிவித்த 75 மி.மீ. எஃப் 1.25 நாக்டிலக்ஸ் லென்ஸின் எடை 1055 கிராம். விலையோ பத்தாயிரம் டாலருக்கு மேல். அதே குவியத் தூரத்தையும் அதே துளை அளவையும் அந்த விலையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு சீன நிறுவனம் தருகிறது என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய செய்தியன்று. முழுத் துளையில், அதாவது எஃப் எண் மிகச் சிறியதாக இருந்து துளை முழுதும் திறந்திருக்கும்போது, கூர்மையும் நிறத் தூய்மையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆயினும் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து நிறுத்துவது பெரும்பாலும் துளையின் விட்டத்தைப் பொறுத்த வேலை. 75ஐ 1.25ஆல் வகுத்தால் 60 மி.மீ. வருகிறது, உங்களிடம் இப்போதுள்ள லென்ஸில் அது 25 மி.மீ. மட்டுமே. ரோமன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவரும் அதன்மேல் சாய்ந்த காகிதப்பூக்களும் வெறும் நிறமாகக் கரைந்துபோக, ஒரு முகம் மட்டும் எஞ்சி நிற்கும் படத்தை இந்த 60 மி.மீ. உங்களுக்குத் தரும்.

உங்கள் நண்பர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில், முழுத் துளையில், இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டும் ஆழம் ஏறக்குறைய 12 மி.மீ.தான், அதாவது ஃபோகஸ் தளத்திற்கு முன்னால் 6, பின்னால் 6. நம் ஊர்ப் பெண்களைப் படமெடுக்கும்போது பளிச்சென்று மின்னும் மூக்குத்தி கண்ணை இழுக்கும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை உருவத்தை அதன்மேல் பொருத்துவதும் எளிது. ஆனால் மூக்குத்தி விழியைவிட ஒரு செ.மீ.க்கு மேல் முன்னால் இருப்பதால், மூக்குத்தி கூர்மையாகவும் பார்வை மங்கலாகவும் படம் வந்து சேரும். கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் செங்குத்தான விளிம்பிலேயே உருவங்களைப் பொருத்தப் பழகுங்கள்.

இன்னொரு பிழையும் பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் பொருத்துமிடம் வியூஃபைண்டரின் நடுவில் இருப்பதால், கண்ணில் ஃபோகஸ் செய்த பின்பு கேமராவைச் சற்றே திருப்பிச் சட்டகத்தை அமைக்கிறோம். செங்குத்துப் படத்தில் கண்ணை மேற்பகுதிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 பாகை திருப்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பத்தால், ஒரு மீட்டர் தூரத்தில், ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 7 மி.மீ. நகர்ந்துவிடும். நம் கையிருப்போ 6 மி.மீ. அரை மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். ஒன்றரை மீட்டரில் பிழை 11 மி.மீ. ஆகக் கூடினாலும், தெளிவின் ஆழம் 28 மி.மீ.க்கு மேல் விரிவதால் கண் அதற்குள் அடங்கிவிடும். மூச்சு விடும்போது உடல் முன்னும் பின்னும் ஆடுவதையும் இந்தத் தூரம் பொறுத்துக்கொள்ளும். ஆகவே முழுத் துளையில் ஒன்றரை மீட்டரையே உங்கள் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நெருங்க வேண்டுமானால் துளையை எஃப் 2.8க்குக் குறைத்துவிடுங்கள்.

இனி அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டரின் பயனுறு அடிநீளம் (இது கூடினால் ஃபோகஸின் துல்லியமும் கூடும்) ஏறக்குறைய 47 மி.மீ.; 1954இல் வந்த எம் 3இல் அது 62 மி.மீ. 47 மி.மீ. இந்த லென்ஸுக்குப் போதும் என்றாலும், சரிபாராத கேமராவுக்கும் லென்ஸுக்கும் விட்டுக்கொடுக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தேவனாம்பட்டினத்தில் மாசிமகத் தீர்த்தவாரிக்கு, இதே போன்ற ஒரு புதிய லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொண்டுபோனேன். கரைக்கு வந்த சாமிகளையும் அவற்றைச் சுமந்து வந்தவர்களின் முகங்களையும் நாள் முழுவதும் எடுத்துத் திரும்பியபோது, பெரும்பாலான படங்களில் காதுகளே கூர்மையாக இருந்தன. அந்த முகங்களை மறுபடி தேடிப் போக முடியவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

முதலில் உங்கள் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, தொலைவில் தெரியும் பழைய கலங்கரை விளக்கத்தை நோக்கி முடிவிலியில் வைத்துப் பாருங்கள். இரட்டை உருவம் ஒன்றாகாவிட்டால் கேமராவே பிசகியிருக்கக்கூடும். அதைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்த பிறகே புதிய லென்ஸைத் தொட வேண்டும். கேமரா சரியாக இருந்தால், முக்காலியில் வைத்து, மேசைமேல் சாய்வாகக் கிடத்திய அளவுகோலில் ஒரு கோட்டைத் தேர்ந்து, ஒன்றரை மீட்டரிலிருந்து முழுத் துளையில் படமெடுங்கள். துளையைச் சுருக்கினால் ஃபோகஸ் தளமே சிறிது நகரக்கூடும் என்பதால், சோதனை முழுத் துளையில்தான் நடக்க வேண்டும். ஒரே படத்தை நம்பிவிடாமல், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்து மறுபடி பொருத்திப் பத்துப் படங்களாவது எடுங்கள். பத்திலும் ஒரே பக்கமாக விலகியிருந்தால் குறை லென்ஸில் இருக்கிறது. முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் இன்னும் பயிற்சி தேவைப்படுகிறது. இத்தகைய மலிவு விலை லென்ஸ்கள் பலவற்றில், பின்புறத்தில் ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் தகட்டைச் சிறு திருகுகளைத் தளர்த்தி நாமே நகர்த்திக்கொள்ளலாம். மயிரிழை அளவு நகர்த்தி, திருகை இறுக்கி, மறுபடி சோதித்துப் பாருங்கள். விலை உயர்ந்த லென்ஸ்களில் தொழிற்சாலை செய்து அனுப்பும் வேலையை இங்கே நாம் செய்கிறோம். விலைக் குறைவின் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. எம் 240இல் லைவ் வியூ (லென்ஸ் காண்பதைத் திரையில் அப்படியே காட்டும் வசதி) இருப்பதால், லென்ஸ் உண்மையில் எங்கே ஃபோகஸ் செய்கிறது என்பதைத் திரையில் பெரிதாக்கி ஒப்பிடவும் உங்களால் முடியும்.

எடையும் பருமனும் உங்களுக்குத் தடையானால், ஃபோக்ட்லெண்டரின் 75 மி.மீ. எஃப் 1.5 நாக்டன் ஏறக்குறைய 350 கிராம்தான். விலை கூடுதல், அரை நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்பது ஒளி பாதியாவது) மட்டுமே இருட்டு. கடற்கரைச் சாலையில் நாள் முழுவதும் நடப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சில்வர் பீச்சில் பகல் வெயிலில் இத்தகைய லென்ஸை முழுத் துளையில் வைத்தால் படம் வெளுத்துவிடுகிறது. பட்டுப்புடவைச் சரிகையின் ஓரங்களிலும் ஊதா நிறம் படிகிறது. என்ன செய்வது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200இல் நல்ல வெயிலுக்கு எஃப் 16உம் நொடியில் 200இல் ஒரு பங்கும் பொருந்தும். அதே வெளிச்சத்தை எஃப் 1.25இல் பிடிக்க, நொடியில் ஏறக்குறைய 33,000இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். உங்கள் கேமராவின் ஷட்டர் 4,000இல் ஒரு பங்கோடு நின்றுவிட்டால் எட்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் மிஞ்சும். ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 16 பில்டரைப் போட்டுவிடுங்கள். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால், பில்டர் போட்டாலும் உங்களுக்குக் காட்சி இருளாது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் அருமையான வசதிகளில் இதுவும் ஒன்று.

ஊதாவுக்குக் காரணம், வெவ்வேறு நிறக் கதிர்களை லென்ஸ் ஒரே தளத்தில் குவிக்காமல் விடுவதுதான். வெயில் நேராகப் படும் சரிகையில் அது மிகுதியாகத் தெரியும். எஃப் 2.8க்குக் குறைத்தால் பெரிதும் அடங்கும். அதைவிட, பெண்ணை நிழலுக்குள், திண்ணையோரமாக நிற்க வைத்து எடுங்கள். சரிகையும் அடங்கும், முகமும் அழகாக வரும்.

கேள்வி: என் தந்தையாரின் ஸோர்க்கி 4 கேமராவில் இந்த எம் மவுண்ட் (லைக்கா எம் கேமராக்களின் பொருத்துவாய்) லென்ஸ்களைப் பொருத்த முடியுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முடியாது. ஸோர்க்கி 39 மி.மீ. திருகு மவுண்ட் கொண்டது. அதில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்டிலோ 27.8 மி.மீ. திருகு லென்ஸை அடாப்டர் மூலம் எம் கேமராவில் போடலாமே தவிர, எம் லென்ஸைத் திருகு கேமராவில் போட வழியில்லை. உங்களுக்கு உரியது சோவியத் தயாரிப்பான ஜுபிடர் 9, 85 மி.மீ. எஃப் 2. பழைய லென்ஸ் என்பதால், கண்ணாடியையும் ஃபோகஸ் வளையத்தின் இறுக்கத்தையும் நேரில் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: கடலோர வீட்டில் லென்ஸ்களில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி?
– வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள்; ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பத மானியும் வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும், உப்புப் படிந்த முன்கண்ணாடியை உடனே துணியால் தேய்க்காமல், முதலில் ஊதுபந்தால் மணலை நீக்கிவிட்டுத் துடையுங்கள்.