கேளுங்க சொல்றேன்: பி.எட். வகுப்புல என்ன ஆராய்ச்சி பண்ணலாம்?

கேள்வி: வணக்கம் சார். நான் புதுச்சேரியில எம்.எட். ரெண்டாவது வருஷம். டெசர்டேஷனுக்கு பி.எட். ஸ்டூடன்ட்ஸை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு சாதாரண லெக்சர், இன்னொரு குரூப்புக்கு குழுவா உக்காந்து படிக்கிற முறைன்னு நடத்தி, ப்ரீ டெஸ்ட் போஸ்ட் டெஸ்ட் வச்சு ஒப்பிடலாம்னு இருக்கேன். சீனியர்ஸ் எல்லாம் இப்படித்தான் பண்ணாங்க, ரிசல்ட் கண்டிப்பா வந்துடும்னு சொல்றாங்க. பண்ணலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பண்ணலாம்மா. ஆனா ரிசல்ட் இதுதான்னு முன்னாடியே தெரியுதுன்னா அதுக்கு எதுக்கு ஒரு வருஷ உழைப்பு? ஏன் கண்டிப்பா வருதுன்னு பாருங்க. ரெண்டு குரூப்புக்கும் நீங்களே பாடம் எடுப்பீங்க, உங்க மனசு புது முறை மேல இருக்கும், லெக்சர் குரூப்புக்கு நோட்ஸ் வாசிச்சுட்டு வந்துடுவீங்க, கேள்வித்தாளும் நீங்களே போடுவீங்க, திருத்துறதும் நீங்களே, போஸ்ட் டெஸ்ட்டையும் பாடம் முடிஞ்ச மறுநாளே வச்சுடுவீங்க, இதுல புது முறை ஜெயிக்காம இருந்தாதான் ஆச்சரியம். போதாக்குறைக்கு எந்தப் புதுசும் முதல் ரெண்டு வாரம் பசங்களுக்கு உற்சாகமா இருக்கும், மார்க் ஏறுனது முறையாலயா அந்த உற்சாகத்தாலயான்னு பிரிச்சே பாக்க முடியாது.

இதைத்தான் பண்ணணும்னு கைடு சொல்லிட்டா சிலதை மட்டும் மாத்திக்கோங்க. லெக்சர் குரூப்புக்கும் உங்களால முடிஞ்ச நல்ல லெக்சரையே குடுங்க. பேப்பரை எந்த குரூப்புன்னு தெரியாத வேற ஒருத்தர் திருத்தட்டும். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் வைங்க. டி டெஸ்ட்ல (ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிடுற கணக்கு) சிக்னிஃபிகன்ட்னு, அதாவது வித்தியாசம் தற்செயலா வந்த மாதிரி இல்லன்னு, வந்துட்டா அதோட விட்டுடாதீங்க, வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு எஃபெக்ட் சைஸும் போடுங்க.

என் மனசுல இருக்குறதையும் சொல்லிடுறேன். பி.எட். படிக்கிறவங்க நம்ம டெஸ்ட்ல நாலு மார்க் கூட வாங்குனாங்களாங்குறது பெரிய கேள்வியே கிடையாது. அவங்க ஸ்கூலுக்குப் போய் நிக்கும்போது எப்படி பாடம் எடுக்குறாங்க? அதுதான் கேள்வி. டேன் லார்ட்டின்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆராய்ச்சியாளர் 1975-லயே இதை எழுதிட்டார். ஆசிரியரா வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஏற்கனவே பல ஆயிரம் மணி நேரம் மாணவரா உக்காந்து தன்னோட டீச்சர்களைப் பாத்துட்டுத்தான் வர்றாங்க, அந்தப் பழக்கத்தை பயிற்சிக் கல்லூரி லேசுல அசைச்சுட முடியாதுன்னு. நம்ம ஊர்ல இது அப்படியே கண் முன்னாடி நடக்குது. எழுதுன லெசன் பிளான்ல எல்லாம் செயல்வழி, குழந்தை மையம்னு இருக்கும், வகுப்புக்குள்ள போன அஞ்சாவது நிமிஷம் அவங்க அஞ்சாம் வகுப்பு டீச்சர் எப்படி எடுத்தாங்களோ அப்படியே எடுப்பாங்க.

இதைப் பிடிக்கிற மாதிரி ஒரு டாபிக் சொல்றேன். நம்ம வகுப்புகள்ல ஒரு அரை வார்த்தைக் கேள்வி உண்டு, கவனிச்சிருக்கீங்களா? "பச்சைத் தாவரம் தன் உணவைத் தானே தயா..."ன்னு டீச்சர் இழுத்து நிறுத்துவாங்க, மொத்த வகுப்பும் "ரிக்கும்"னு கத்தும். அப்புறம் "புரிஞ்சுதா?", "புரிஞ்சுது டீச்சர்". இதுல யாருக்கும் எதுவும் புரிஞ்சிருக்க வேண்டியதே இல்ல, வார்த்தையோட மீதி தெரிஞ்சா போதும். ஒரு பத்து ட்ரெயினிகளோட பாடத்தை ஆடியோ மட்டும் ரெக்கார்டு பண்ணுங்க (ஹெச்.எம். அனுமதியும் ட்ரெயினியோட சம்மதமும் வாங்கிட்டு, எந்தக் குழந்தை பேரும் வெளிய வராம), உக்காந்து எண்ணுங்க, எத்தனை அரை வார்த்தைக் கேள்வி, எத்தனை ஆமா இல்ல கேள்வி, எத்தனை கேள்விக்கு ஒரு குழந்தை ஒரு முழு வாக்கியம் பேசுச்சு. இதுக்கு முன்மாதிரி இருக்கு, ஃபிளாண்டர்ஸ் முறைன்னு உங்க பாடத்துலயே வரும், 3 செகண்டுக்கு ஒரு தடவ வகுப்புல நடக்குறதை 10 வகையில ஒண்ணா குறிச்சுக்கிட்டே போறது, அதுல 7 வகை டீச்சர் பேச்சு, 2 மாணவர் பேச்சு, ஒண்ணு அமைதி அல்லது குழப்பம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு நிஜமா ஒரு வகுப்புலயும் உக்காந்து குறிக்காம விட்டுடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அதோட காத்திருக்குற நேரத்தையும் சேத்துக்கோங்க. மேரி பட் ரோங்குற அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்ல வகுப்பு டேப்புகளைக் கேட்டுப் பாத்தப்போ, டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதையே 3 செகண்ட் ஆக்குனதும் பசங்க பதில் நீளமாச்சு, "தெரியல"ங்குறது குறைஞ்சுது, எப்பவும் பேசாத பசங்களும் பேச ஆரம்பிச்சாங்க. செலவே இல்லாத மாற்றம் இது. உங்க ட்ரெயினிகளுக்கு அவங்க குரலையே திருப்பிப் போட்டுக் காமிச்சா அடுத்த பாடத்துல அந்த ஒரு செகண்ட் மூணாகுதா, ஒரு மாசம் கழிச்சும் நிக்குதா? இது நல்ல டெசர்டேஷன். ரிசல்ட் "மாறல"ன்னு வந்தாலும் தைரியமா எழுதுங்க, அதுவும் அடுத்தவங்களுக்கு உபயோகம்தான்.

கேள்வி: மைக்ரோ டீச்சிங்னு சொல்லி ஃபிரெண்ட்ஸையே பசங்களா உக்கார வச்சு 6 நிமிஷம் நடிக்கிறோம். இதால எதாவது பிரயோஜனம் உண்டா சார்?
- வாசகர், பண்ருட்டி

பதில்: உண்டு தம்பி, முழுசா பண்ணா. 1963-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சப்போ அதோட கருத்தே ஒரே ஒரு திறனை எடுத்து, எடுத்துக் காமிச்சு, குறையைக் கேட்டு, திரும்ப எடுக்குறதுதான். நம்ம நாட்டு என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு) மாடல்ல மொத்தம் 36 நிமிஷம்: 6 பாடம், 6 கருத்து, 12 மறுபடி திட்டமிடுறது, 6 மறுபடி பாடம், 6 மறுபடி கருத்து. இதுல அதிக நேரம் எதுக்குன்னு பாருங்க, அந்த 12 நிமிஷத்துக்கு. நிறைய இடத்துல முதல் 6 நிமிஷத்தோட ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வாங்கிட்டு எழுந்துடுறாங்க, அப்புறம் பிரயோஜனம் எங்கேர்ந்து வரும்.

நண்பர்கள் பசங்களா உக்காந்தா எல்லாத்துக்கும் சரியான பதில் சொல்லிடுவாங்க, அதுதான் நிஜமான குறை. அதுக்கு ஒரு வழி, பக்கத்து ஸ்கூல்ல நாலஞ்சு கணக்கு நோட்டை வாங்கி நிஜமான தப்புகளைப் பொறுக்கி எடுங்க. "3-ஐ விட 4 பெருசு, அதனால 1/3-ஐ விட 1/4 பெருசு"ன்னு எழுதுன பையன் எல்லா ஊர்லயும் இருக்கான். அந்தத் தப்பை நண்பன் கையில குடுத்து விடாப்பிடியா அதையே சொல்லச் சொல்லுங்க. அவனை எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னு தெரியுறது கணக்கு தெரியுறதை விட தனி அறிவு, லீ ஷுல்மன்ங்குற அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் 1986-ல இந்த அறிவுக்குத்தான் தனியா பேர் வச்சு பாடப்பொருள் சார்ந்த கற்பித்தல் அறிவுன்னு சொன்னார்.

கேள்வி: கடலூர்ல ஒரு ஸ்கூல்ல இன்டர்ன்ஷிப்ல இருக்கேன் சார். பாதி நாள் சப்ஸ்டிடியூஷன் பீரியடும் நோட்டு திருத்துறதும்தான். இதுக்குள்ள செயலாய்வு (நம்ம வகுப்புச் சிக்கலை நாமளே மாத்திப் பாத்து எழுதுற ஆய்வு) வேற முடிச்சு சப்மிட் பண்ணணுமாம். எல்லாரும் பழைய ஃபைலைக் காப்பி பண்றாங்க. நான் என்ன பண்ண?
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: காப்பி மட்டும் வேணாம்மா. என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு) 2014 விதிமுறையில பி.எட்.டை ரெண்டு வருஷமாக்கி 20 வாரம் ஸ்கூல்லயே இருக்கணும்னு வச்சதே நீங்க பசங்களை நிதானமா பாக்கணும்னுதான். உங்களை வேலைக்கு மட்டும் பயன்படுத்துறாங்கன்னா அது உங்க தப்பு இல்ல, கல்லூரி மேற்பார்வையாளர்கிட்ட பாட வகுப்பு வேணும்னு மரியாதையா எழுதியே குடுங்க.

நோட்டு திருத்துறது உங்களுக்குக் கிடைச்ச டேட்டா. ஒரு வகுப்பு, ஒரே ஒரு சிக்கல் எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு புயல் பாடம். லெசன் பிளான்ல "முன்னறிவு சோதித்தல்"னு ஒரு கட்டம் இருக்கும், எல்லாரும் அதுல "காற்று என்றால் என்ன?"ன்னு ஒரு கேள்வி எழுதிட்டுப் போயிடுறாங்க. உங்க முன்னாடி உக்காந்திருக்குற பசங்க 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுனப்போ வீட்டுக்குள்ள தண்ணி வந்து பாத்தவங்க, படகைக் கட்டி வச்ச வீட்டுப் பசங்க. புயல் வர்றதுக்கு முன்னாடி கடல் எப்படி இருந்துச்சுன்னு அவங்களைக் கேட்டு அதுலேர்ந்து பாடத்தை ஆரம்பிச்சா, வழக்கமா எழுதாத பசங்க எத்தனை பேர் சொந்த வாக்கியத்துல எழுதுறாங்க? முன்னாடி எடுத்த பாடத்து நோட்டையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு மூணு வாரம் இப்படியே வேற பாடத்துலயும் மாத்தி மாத்திப் பாத்து, என்ன செஞ்சேன், என்ன ஆச்சு, அடுத்து என்ன மாத்துனேன்னு தேதி போட்டு எழுதுங்க, கர்ட் லெவின்ங்குற உளவியலாளர் 1940கள்ல சொன்ன செயலாய்வு இதேதான். வடலூர்ல உங்க மாவட்ட டயட் (ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) இருக்கு, அங்க ஒரு தடவ போய் ஏற்கனவே ஆசிரியர்கள் பண்ணுன செயலாய்வு அறிக்கைகளைப் பாக்க முடியுமான்னு கேளுங்க, வடிவம் புரிஞ்சுடும். ஃபைல் இருபது பக்கம் வந்தா போதும், பசங்க எழுதுன நாலு நோட்டுப் பக்கத்தோட ஜெராக்ஸை மறக்காம பின்னாடி வைங்க, பேரை மட்டும் மறைச்சுடுங்க.